எம்.எஸ்சி.க்கு உடலியங்கியலா, வளர்ச்சி உயிரியலா?

காசிமேட்டிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறார். எனக்கு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. உடலியங்கியல் எடுப்பதா, வளர்ச்சி உயிரியல் எடுப்பதா என்று தெரியவில்லை. பிஎச்.டி. வரை செலவுக்கு என்ன செய்வது? வீட்டில் பி.எட். முடித்து வேலைக்குப் போ என்கிறார்கள்."

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அறிவியல் பிஎச்.டி.யை மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டே செய்யலாம். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023 ஜனவரி முதல் அமலான கணக்கு இது. வீட்டு வாடகைப்படி தனி. சில சமயம் பணம் வரத் தாமதமாகும், அதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். ஆனாலும் இந்த எண்ணை அப்பாவிடம் எழுதிக் காட்டுங்கள். பி.எட். எங்கேயும் போய்விடாது, எம்.எஸ்சி. முடித்தும் சேரலாம். ஜே.ஆர்.எஃப்.க்குத்தான் வயது வரம்பு உண்டு. பொதுவாக 30, பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் உறுப்பு உருவாவது (வளர்ச்சி உயிரியல்) ஒரு அத்தியாயம், அது வேலை செய்வது (உடலியங்கியல்) வேறொரு அத்தியாயம். உயிருள்ள கருவில் அப்படிப் பிரித்து எதுவும் நடப்பதில்லை. இதை நான் சொல்லி நம்புவதைவிட நீங்களே பார்த்துவிடலாம். கொளத்தூர் கலர் மீன் கடைகளில் ஜீப்ரா மீன் கிடைக்கும். பாதி விரல் நீளம், உடம்பில் நீலக் கோடுகள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் பெற்ற மீனே முட்டையைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். சாயங்காலம் ஓர் ஆண், இரண்டு பெண் மீன்களை விட்டு இருட்டாக்கிவிடுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். கோலிகளுக்கு நடுவே கிடக்கும் முட்டைகளை டிராப்பரால் எடுத்து, சுத்தமான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் போடுங்கள். அவை வளர 28 டிகிரி வெப்பம் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். கரு கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் இதயம் அப்போது ஒரு நேர்க்குழாய், அவ்வளவுதான். அறை பிரியவில்லை, வால்வு கிடையாது. ஆனால் துடிக்க ஆரம்பித்திருக்கும். முதலில் தாளமில்லாமல் உதறும், அப்புறம் சீராகும். இரண்டாம் நாளில் குழாய் வளைந்து அறைகள் தெரியும், ரத்த அணுக்கள் ஓடுவதும் தெரியும். கட்டி முடிக்காத வீட்டில் குடித்தனம் நடப்பது போல, இதயம் வேலை செய்துகொண்டே உருவாகிறது.

அந்த வேலை நின்றால் என்ன ஆகும்? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜீப்ரா மீன் கருவின் இதயத்தருகே நுண்ணிய கண்ணாடி மணியை வைத்து ரத்த ஓட்டத்தைத் தடுத்தார்கள். அந்த இதயங்களில் வால்வு உருவாகவில்லை, குழாயும் சரியாக வளையவில்லை. ரத்தம் ஓடும்போது சுவரில் உராய்கிற விசையும் இதயத்தைச் செதுக்குகிறது என்பது அதில் தெரிந்தது. சரி, இது உடலியங்கியலா, வளர்ச்சி உயிரியலா? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் எடை குறைவாக ஒரு குழந்தை பிறந்தால், கருப்பையில் பட்ட ஊட்டக்குறை பின்னாளில் அதன் ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் எப்படிப் பாதிக்கும் என்பதும் இதே வகைக் கேள்விதான். நெட் தேர்வின் உயிர் அறிவியல் பாடத்திட்டத்திலும் வளர்ச்சி உயிரியல் ஐந்தாம் அலகு, விலங்கு உடலியங்கியல் ஏழாம் அலகு. இரண்டையும் படித்தே ஆக வேண்டும்.

அதனால் படிப்பின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். முதுநிலை நிறுவனத்தில் உடலியங்கியல், உடற்கூறியல், நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன்களைப் பற்றிய படிப்பு) எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ராயபுரத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் மாறினால் பறக்கும் ரயிலில் போய்விடலாம். மருத்துவக் கல்லூரிகளில் உள்ள எம்.எஸ்சி. மெடிக்கல் பிசியாலஜி மூன்று வருஷப் படிப்பு. ஆசிரியர் வேலையை மனதில் வைத்தது. அந்த வேலைக்கு மருத்துவர் அல்லாதவர்களை எடுக்கும் விதி மாறிக்கொண்டே இருக்கிறது, அதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். வளர்ச்சி உயிரியல் என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. அபூர்வம். விலங்கியல் எம்.எஸ்சி. படித்துவிட்டு, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் (இந்திய அறிவியல் கழகம்) வளர்ச்சி உயிரியல்–மரபியல் துறை, அதே ஊரில் உள்ள என்.சி.பி.எஸ்., ஹைதராபாத் சி.சி.எம்.பி. போன்ற உயிரியல் ஆராய்ச்சி இடங்களில் பிஎச்.டி.க்கு முயலலாம். ஐ.ஐ.எஸ்சி.யிலும் என்.சி.பி.எஸ்.ஸிலும் பி.எஸ்சி. முடித்ததுமே சேரக்கூடிய ஒருங்கிணைந்த பிஎச்.டி.யும் (முதுநிலையும் பிஎச்.டி.யும் சேர்ந்தது) உண்டு. உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் முதலில் அதைத்தான் முயலச் சொல்வேன், ஏனென்றால் ஆரம்பத்திலிருந்தே உதவித்தொகை வரும்.

கைடு, அதாவது பிஎச்.டி.க்கு வழிகாட்டும் பேராசிரியர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நானும் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள்தான். விவரம் சொல்ல ஆளில்லாமல், பெயரை மட்டும் பார்த்து ஒரு லேபில் சேர்ந்தேன். முதல் ஒன்றரை வருஷம் பீக்கர் கழுவியதும் அடுத்தவர் ஸ்லைடுக்கு லேபிள் ஒட்டியதும்தான் வேலை. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது. சேரும் முன்பு கைடிடம் பேசுவது போதாது. அங்கே மூன்றாம், நான்காம் வருஷத்தில் இருக்கும் மாணவர்களைத் தனியாகப் பார்த்து, எத்தனையாவது மாதத்தில் சொந்தமாக ஒரு பரிசோதனை செய்தீர்கள், இதற்கு முன் இங்கே படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் வேறு லேப் பாருங்கள்.