ஆச்சியிடம் கேளுங்கள்: இழையா, தியானமா?

மாமியார் பிள்ளையார் நோன்புக்கு நூல் எடுக்கிறார். கணவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனோ, "தியானம்தான் ஆன்மிகம், மத்ததெல்லாம் சடங்கு" என்கிறான். எது சரி ஆச்சி?
- வாசகி, காரைக்குடி

பையன் தியானம் செய்கிறானே, முதலில் அதற்குச் சந்தோஷப்படுங்கள். மற்றதைத் தள்ளுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு சொல்வார்கள். கோயிலைக் கூட்டுவது, பூத்தொடுப்பது, விளக்கேற்றுவது எல்லாம் சரியை. பூசை செய்வது கிரியை. மனத்தை உள்ளே திருப்பினால் யோகம். அது முற்றினால் ஞானம். சரியைக்கு உதாரணமாக, உழவாரப்படையால் கோயில் புல்லைச் செதுக்கிய அப்பரைச் சொல்வார்கள். அந்த அப்பர்தான், விறகில் தீயும் பாலில் நெய்யும் போல இறைவன் மறைந்து நிற்கிறான்; உறவு என்னும் கோலை நட்டு, உணர்வு என்னும் கயிற்றால் இறுக்கிக் கடைந்தால் முன்னே வந்து நிற்பான் என்று பாடியவரும். முதல் படியில் நின்றவர் பேசியது கடைசிப் படியை! அப்புறம் எதை மேல், எதைக் கீழ் என்பது?

மாமியார் நூல் எடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) நோன்பு இது: திருக்கார்த்திகையில் தொடங்கி நாளுக்கு ஓர் இழை, கோடி வேட்டியிலிருந்து, அதாவது புது வேட்டியிலிருந்து. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும்; கண்ணும் மூச்சும் அந்த நூலிலேயே நிற்க வேண்டும். சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் 21 இழையையும் திரியாக்கி, வெல்லம் சேர்த்த அரிசிமாவான இழைமாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு விழுங்குகிறோம். சின்ன வயதில் சுட்டுவிடுமோ என்று நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். "கண்ணைத் தொறந்து வெளக்கைப் பாத்துட்டு முழுங்கு" என்பார்கள் எங்கள் அப்பத்தா. அதுவரை கும்பிட்ட சோதி அந்த ஒரு வாய் மாவோடு உள்ளே போகிறது. இதைச் சடங்கு என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழனி நடையும் அப்படித்தான். காலில் கொப்புளம், வாயில் முருகன் பேர். விரதமும் ஜபமும் சேர்ந்தே நடக்கின்றன. மகனை வழியில் இருக்கும் நத்தம் வரையாவது அப்பாவோடு நடக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். இழை எடுத்த கையோடு பக்கத்து வீட்டு வம்பை எடுப்பவர்களைப் பார்த்துத்தான் அவன் அப்படிச் சொல்கிறான் என்றால், அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

குருவிடம் மந்திர உபதேசம் கேட்காதவர்கள் ஐந்தெழுத்தைச் சொல்லலாமா?
- வாசகர், தேவகோட்டை

தாராளமாக. நகரத்தாரில் ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் கேட்பது வழக்கம். முறைப்படி சிவபூசை செய்ய அது வேண்டும். நமச்சிவாய என்று வாயாரச் சொல்வதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? ருத்ராட்ச மாலை வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எண்ணுவதற்கு விரல் கணுக்களே போதும்.