இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் லீக்குகளில் கிளப் கிளப்பாக மாறி ஆடும், கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நித்திய கண்டம், பூரண ஆயுசு.

அப்படி ஆடிய அடெபாயோ அகின்ஃபென்வாவை ஹாஸ்டலில் ஃபிஃபா கால்பந்து வீடியோ கேம் ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கும். நூறு கிலோவுக்கு மேல் எடை, கேமிலேயே பெரிய பலசாலி. மேலே வந்து மோதும் டிஃபெண்டர் தெறித்து விழுவார். ஓட விட்டால்தான் மானம் போகும். நாங்கள் சிரிப்பதற்காகவே அவரை டீமில் எடுப்போம். அந்த ஆள் வருடா வருடம் வேலை தேடிக்கொண்டிருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

லண்டனில் பிறந்தவருக்கு முதல் வாய்ப்பு லிதுவேனியாவில். கேலரியிலிருந்து வந்த நிறவெறி வசவுகளைத் தாங்கிக்கொண்டு ஆடினார். திரும்பி வந்ததும் 2003-04 சீசனில் மட்டும் பாஸ்டன், லெய்டன் ஓரியண்ட், ரஷ்டன், டான்காஸ்டர் என நான்கு கிளப். அப்புறம் டார்கீ, ஸ்வான்சி, மில்வால். நார்தாம்ப்டனிலும் ஜில்லிங்கத்திலும் இரண்டிரண்டு முறை.

இந்த மட்டத்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு வருடம்தான். சீசன் முடிந்ததும் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று கிளப் பட்டியல் போடும். ஜூன் 30-ஓடு ஒப்பந்தம் முடிந்துவிடும். முப்பதைத் தாண்டியவருக்கு மே மாதம் வந்தாலே வயிற்றில் புளி கரையும்.

2006-இல் ஸ்வான்சிக்காக, மேல் அடுக்குக்கு ஏறும் கடைசி இடத்தை முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியில் பெனால்டியைக் கோட்டை விட்டவர் இவர். சரியாகப் பத்து வருடம் கழித்து, 2016 மே 30, வெம்ப்ளி. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு ஏறும் ஆட்டம். கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை அடித்தார், 2-0. அந்த கிளப்பில் அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம், அடுத்த வேலை கையில் இல்லை. மைக் நீட்டிய டிவிக்காரர்களிடம், இப்போது நான் வேலையில்லாதவன், மேனேஜர்கள் யாராவது வாட்ஸப்பில் கூப்பிடுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு பாதிதான் வரும்.

விக்கம் கிளப் எடுத்துக்கொண்டது. 34 வயதில் சேர்ந்தவர், ஆறு வருடம் ஆடி நாற்பதில் ஓய்வு பெற்றார். நடுவே 2020-இல் அந்த கிளப் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக சாம்பியன்ஷிப் எனும் இரண்டாம் அடுக்குக்கு ஏறியது. அன்றும் மைக் வந்தது. மனிதர் லிவர்பூல் வெறியர். இனி வாட்ஸப்பில் கிளாப் (அப்போதைய லிவர்பூல் மேனேஜர்) ஒருவர் மட்டும் கூப்பிட்டால் போதும் என்றார். கிளாப் நிஜமாகவே வாழ்த்து வீடியோ அனுப்பினார்.