கூரையடித் தளத்துக்குக் காப்பு: இரண்டு வருடத் தவணை யாருக்கு?

கேள்வி: ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில், 1963இல் கட்டிய ஒரு குடும்ப வீட்டை வாங்கினேன். 2025 மார்ச்சில் குறுண்ட்பூக்கில் (காணி உரிமைப் பதிவேட்டில்) என் பெயர் பதிவானது. விற்றவர் ஒரு மூதாட்டி. 1980 முதல் கணவருடன் அங்கேயே வசித்தவர். கணவர் 2016இல் இறந்துவிட்டார். மேலே சாமான் போட்டுவைக்கும், சூடேற்றாத கூரையடித் தளம். அதன் தரை வெறும் கொங்கிரீட். இரண்டு வருடத்துக்குள் வெப்பக் காப்பு போடாவிட்டால் 50,000 யூரோ தண்டம் என்கிறார்கள். உண்மையா? செலவை விற்றவரிடம் கேட்கலாமா?

பதில்: கடமை உண்மை. கட்டட எரிசக்திச் சட்டத்தின் (GEG, 2020) 47ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடம் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

2002 பெப்ரவரி 1 அன்று உரிமையாளர் தாமே குடியிருந்த, இரண்டு குடியிருப்புக்கு மேற்படாத வீடுகளுக்குச் சட்டம் சலுகை தந்தது. உரிமை கைமாறினால் சலுகை முடியும். புதிய உரிமையாளருக்கு இரண்டு வருடம். அந்தத் தவணை 2002க்குப் பிந்திய முதல் கைமாற்றத்திலிருந்து ஓடும், ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாகத் தொடங்காது. வாரிசுரிமையும் கைமாற்றம்தான், மரணத்தன்றே உரிமை வாரிசுக்குப் போய்விடும். வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்திருந்தால் தவணை 2018இலேயே முடிந்துவிட்டது, நீங்கள் இப்போதே செய்தாக வேண்டும். மனைவி பெயரில் மட்டும் இருந்திருந்தால் 2027 மார்ச் வரை உங்களுக்கு நேரம் உண்டு. இருவர் பெயரிலும் பாதி பாதி என்றால் வாதாட இடமுண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குறுண்ட்பூக்கின் பழைய பதிவுகளை எடுத்துப் பாருங்கள்.

50,000 என்பது உச்சவரம்பு. தெரிந்தே அல்லது பாரதூரமான கவனக்குறைவால் மீறினால்தான் தண்டம். கடமை இருப்பது இப்போது உங்களுக்குத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அந்தக் கொங்கிரீட் தட்டின் வெப்பத்தடை (வெப்பம் கடப்பதைத் தடுக்கும் அளவு) ஏற்கெனவே 0.90ஐ எட்டினால் கடமையே இல்லை. 16 செ.மீ. கொங்கிரீட் தருவது சுமார் 0.07தான். மேலே சாந்து பூசியிருந்தால் ஒரு துளை போட்டுப் பாருங்கள்: அடியில் 4 செ.மீ. காப்புப் பலகை இருந்தாலே பெரும்பாலும் போதும். கூரைச் சரிவுக்குக் காப்பு இருந்தாலும் கடமை தீர்ந்தது. போட்ட செலவு நியாயமான காலத்தில் எரிசக்தி மிச்சத்தால் திரும்பி வராது என்றால் விலக்கும் உண்டு. ஆனால் நடந்துபோய்ப் பலகை விரிக்கக்கூடிய தளத்தில் அதை நிரூபிப்பது கடினம்.

விற்றவர்மீது வழக்கு வேண்டாம். பழைய வீட்டு ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்பு வழக்கமாகவே விலக்கப்பட்டிருக்கும். அதை மீற, அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று காட்ட வேண்டும். வெறும் கொங்கிரீட்டோ கண்ணுக்கு நேரே கிடக்கிறது.

அந்தப் பணத்தைக் காப்பில் போடுங்கள். சட்டம் கேட்பது யூ மதிப்பு (வெப்பம் வெளியேறும் அளவு, குறைந்தால் நல்லது) 0.24க்கு மேற்படாமல், வெப்பக் கடத்தல் 0.035 உள்ள பலகை என்றால் சுமார் 14 செ.மீ. இன்னும் 10 செ.மீ. சேர்த்து 24 ஆக்கினால் யூ மதிப்பு 0.14 ஆகும், மானியம் வழங்கும் அரச அலுவலகமான பாஃபாவின் 15 சதவீத மானியத்துக்குத் தேவையான அளவு அதுதான். கூடுதல் பலகைக்குப் பொருட்செலவே அதிகம், கூலி பெரிதாக ஏறாது. எனவே 24 போடுவதே என் கருத்து.

மானியத்தைப் பலர் இழப்பது வரிசை தவறுவதால். முதலில் எரிசக்தி நிபுணர். பிறகு, மானியம் கிடைத்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையுள்ள வேலை ஒப்பந்தம். அடுத்து விண்ணப்பம். வேலை கடைசியில். விண்ணப்பிக்குமுன் அன்றைய விதிகளை நிபுணரிடம் உறுதிசெய்யுங்கள். நீங்களே செய்தால் பொருட்செலவுக்கு மட்டும் மானியம். வருமான வரியில் மூன்று வருடத்தில் 20 சதவீதம் கழிக்கும் வழியும் உண்டு. அதற்குத் தொழில் நிறுவனம் செய்த வேலையாக இருக்க வேண்டும், ஒரே வேலைக்கு இரண்டையும் கேட்க முடியாது.

பலகைகளை இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் விரிக்கச் சொல்லுங்கள். ஏணிக் கதவைக் காப்பில்லாமல், இறுக்கமில்லாமல் விட்டால் அதன் வழியே ஈரக்காற்று மேலேறிக் கூரை மரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 1996க்கு முந்திய பழைய கனிமக் கம்பளி இருந்தால் கையால் பிடுங்காதீர்கள், அதன் நார்த்தூசி ஆபத்தானது. வேலை முடிந்ததும் சட்ட அளவு நிறைவேறியதாக நிறுவனம் தரும் எழுத்துமூல உறுதிமொழியை வாங்கி, பலகையின் தரம் குறித்த பில்லோடு பத்திரப்படுத்துங்கள். நாளை அதிகாரி கேட்டாலும், வீட்டை வாங்குபவர் கேட்டாலும் உங்கள் சான்று அதுதான்.