விண்டோஸ் அப்டேட் ஆனதும் மவுஸ் நின்றுவிட்டது, ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டுமா?

ராத்திரி அப்டேட் ஓடி முடிந்தது, காலையில் மவுஸ் அசையவில்லை, சர்வீஸ் கடைக்காரர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார், அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் பக்கத்து வீட்டிலோ ஆபீசிலோ வயர் வைத்த மவுஸ் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் முக்கால் மணி நேரத்தை வீணடித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் சித்தப்பா ஏற்காட்டில் இருக்கிறார். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, வருகிறவர்கள் தங்க இரண்டு அறை. நான் கீழே சேலத்தில், அம்மாப்பேட்டையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டுவடை செட் வாங்கலாம் என்று கிளம்பும்போது போன். "கண்ணு, ராத்திரி என்னமோ அப்டேட்டுன்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு, இப்ப மவுஸு செத்துக் கெடக்குது, வந்து பாத்துட்டுப் போறியா?" ஒரு மவுஸுக்காக, அதுவும் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏற எனக்கு மனசு வரவில்லை. போனிலேயே பார்த்துவிடலாம் சித்தப்பா என்றேன். அவருடைய கீபோர்டு வயர் வைத்தது, அது நன்றாகவே வேலை செய்தது. மவுஸ் வயர்லெஸ்.

பேட்டரியைப் பாருங்கள் என்றேன். சுவர்க் கடிகாரத்தில் இருந்ததைக் கழற்றிப் போட்டார், பலனில்லை. அடியில் இருக்கிற சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. சரி, ரீஸ்டார்ட். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் அடிப்பகுதியும் டிரைவர்களும் (மவுஸ், பிரிண்டர் மாதிரியானவற்றை விண்டோஸோடு பேச வைக்கிற சின்ன மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும், மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். பழைய குழம்பைச் சூடு பண்ணுகிற மாதிரி. பத்து தடவை ஷட் டவுன் செய்தாலும் மாட்டிக்கொண்ட டிரைவர் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். மவுஸ் இல்லாமல் ரீஸ்டார்ட் கொடுக்க, விண்டோஸ் கீயோடு எக்ஸ், அடுத்து யூ, அடுத்து ஆர்.

அதுவும் ஆனது. மவுஸ் அசையவில்லை.

அப்புறம்தான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டத் தொடங்கினேன். விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர், அதாவது கணினியில் இருக்கிற சாதனங்களின் பட்டியல், திறக்கும். டேப் ஒரு தடவை, பிறகு கீழ் அம்புக்குறியால் இறங்கி மவுஸ் என்கிற தலைப்புக்கு வந்து, வலது அம்புக்குறியை அழுத்தினால் அது விரியும். சித்தப்பாவுக்குக் கண்ணாடி வேறு வேண்டும், அதைத் தேடக் கொஞ்ச நேரம் போனது. மஞ்சள் முக்கோணம் ஏதாவது தெரிகிறதா? இல்லை. எண்டர் தட்டிப் பாருங்கள், என்ன எழுதியிருக்கிறது? சாதனம் சரியாக இயங்குகிறது என்று போட்டிருந்தது. எனக்கு அங்கேயே மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. டெலிட் கீயை அழுத்தி அந்த மவுஸை நீக்கச் சொன்னேன், மறுபடி ரீஸ்டார்ட், நீக்கியது தானாகத் திரும்பி வந்தது, மறுபடியும் சரியாக இயங்குகிறது என்றே சொன்னது. நடுவில் சிக்னல் இரண்டு தடவை போனது.

அந்த நேரத்தில் முன்னறையிலிருந்து சித்தியின் குரல் போனிலேயே கேட்டது. "ஏனுங்க, இந்த லேப்டாப்புல அம்பு தானா ஓடுதுங்க, பேய் புடிச்ச மாதிரி!"

நடந்தது இதுதான். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு மவுஸ், ஒன்றாக வாங்கியவை. ஒன்று கணக்கு எழுதும் கணினிக்கு, இன்னொன்று முன்னறை லேப்டாப்புக்கு. முந்தைய நாள் மேசை துடைத்தபோது இரண்டின் ரிசீவரும், அதாவது யுஎஸ்பி துளையில் செருகுகிற அந்தக் குட்டித் துண்டும், இடம் மாறிவிட்டன. லேப்டாப்பில் எல்லோரும் டச்பேடையே பயன்படுத்துவதால் யாரும் கவனிக்கவில்லை. இந்த வகை மவுஸ்களில் ஒவ்வொன்றும் தன்னோடு வந்த ரிசீவரோடு மட்டும்தான் பேசும். சித்தப்பா இங்கே ஆட்ட ஆட்ட அங்கே அம்பு ஓடியிருக்கிறது. டிவைஸ் மேனேஜர் சொன்னதும் பொய்யில்லை, அது பார்ப்பது கணினியில் செருகியிருக்கிற ரிசீவரை, கையில் இருக்கிற மவுஸை அல்ல. அப்டேட் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது என்பதும் அப்டேட்டால் கெட்டது என்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் காதில் அப்டேட் என்ற சொல் விழுந்ததும் நேராக டிரைவருக்குள் குதித்துவிட்டேன்.

அதனால்தான் வயர் மவுஸ் என்கிறேன். அது வேலை செய்தால் கோளாறு உங்கள் மவுஸிலோ, பேட்டரியிலோ, ரிசீவரிலோ இருக்கிறது, விண்டோஸைத் தொடவே வேண்டாம். ரிசீவர் கணினியின் பின்பக்கம் நீல நிற யுஎஸ்பி 3 துளையில், ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள், யுஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும், இந்த மவுஸ்கள் பேசுவதும் அங்கேதான். அதில் பெரும்பாலும் மவுஸ் ஒரேயடியாக நிற்காது, திக்கித் திக்கி ஓடும்.

வயர் மவுஸும் எந்தத் துளையிலும் வேலை செய்யவில்லை, ஆனால் வேறு கணினியில் வேலை செய்கிறது என்றால்தான் அப்டேட் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்படி ஒன்றையும் பார்த்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனுடைய பில் போடும் கணினி. அவனுக்கும் அப்டேட் முடிந்த காலையில் மவுஸ் போனது, அவனிடமும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஃபார்மட் என்றார். நான் போய்க் கேட்ட முதல் கேள்வி, மவுஸ் மட்டும்தானா? இல்லையாம், யுஎஸ்பியில் இருந்த எடைத் தராசும் லேபிள் பிரிண்டரும்கூடக் காலையிலிருந்து வரவில்லை. மவுஸ் பெரிய தொல்லையாக இருந்ததால் மற்றதைச் சொல்லவே மறந்திருக்கிறான். மூன்றும் ஒரே நேரத்தில் கெட வாய்ப்பில்லை, ஆகவே கோளாறு மவுஸில் இல்லை, அவை செருகியிருக்கிற யுஎஸ்பியில். நீலத் துளைகளில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன, கறுப்புத் துளையில் இருந்த கீபோர்டு மட்டும் உயிரோடு இருந்தது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலர் என்ற பகுதியில் மஞ்சள் முக்கோணம். அதில் எண்டர் தட்டி, கன்ட்ரோலோடு டேப் அழுத்தி டிரைவர் பக்கத்துக்குப் போனால் ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பொத்தான் இருக்கும். மவுஸின் பக்கத்தில் அது பெரும்பாலும் மங்கித்தான் கிடக்கும், ஏனென்றால் விண்டோஸோடு வரும் பொதுவான டிரைவரே ஓடுகிறது, திரும்பிப் போகப் பழையது ஒன்றும் இல்லை. அவனுக்குக் கன்ட்ரோலரில் அந்தப் பொத்தான் உயிரோடு இருந்தது. அழுத்தி, ரீஸ்டார்ட் செய்ததும் தராசு முதற்கொண்டு எல்லாம் வந்துவிட்டது. ஃபார்மட் அடித்திருந்தால் பில் எல்லாம் போயிருக்கும், தை மாத முகூர்த்த ஆர்டர் நேரம் வேறு.

ரோல் பேக் மங்கியிருந்தால் மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரை (மதர்போர்டில் இருக்கிற முக்கியச் சில்லுகளுக்கான டிரைவர்) இறக்கிப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி, கீழே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். தேதியைப் பார்த்துக் கடைசியாக வந்ததை நீக்கலாம். வந்தது சின்ன அப்டேட் இல்லாமல் புதுப் பதிப்பாகவே இருந்தால், வழக்கமாக 10 நாளுக்குள் ரெக்கவரி பகுதியில் போய்ப் பழையதற்குத் திரும்ப முடியும், அதற்கு மேல் அந்த வழி மூடிவிடும், ஆகவே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அப்டேட்டே மவுஸைக் கெடுத்த கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. 2018 பிப்ரவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒன்றால் சிலருக்கு யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் நின்றன, மார்ச்சில் திருத்தம் வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்தது இன்னும் வேடிக்கை. சாதாரணமாக மவுஸ் ஓடும், ஆனால் கோளாறு சரி செய்வதற்கென்றே இருக்கிற ரெக்கவரி திரைக்குள் போனால் யுஎஸ்பி மவுஸ், கீபோர்டு இரண்டும் வேலை செய்யாது. 20ஆம் தேதியே அவசரமாகத் திருத்தம் விட்டார்கள். அந்த ஆறு நாளும் பழைய வட்டத் துளை கீபோர்டு வைத்திருந்தவர்கள் மட்டும் சிரித்திருப்பார்கள், அது யுஎஸ்பி வழியாகப் போவதில்லை.

இதையெல்லாம் செய்ய மவுஸ் இல்லாமல் தவிப்பாக இருந்தால், இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தி எண்டர் தட்டுங்கள். வலப்பக்க எண்களால் அம்பை நகர்த்தலாம், 5 கிளிக். ஆமை வேகம்தான், ஆனால் வேலை ஆகும். லேப்டாப்பாக இருந்து டச்பேடும் சேர்ந்து நின்றிருந்தால், மேல் வரிசை எஃப் கீகளில் டச்பேட் படம் போட்டது ஒன்று இருக்கும், கை தவறி அதை அழுத்தினீர்களா என்றும் பாருங்கள்.

உங்கள் மவுஸ் வயரா வயர்லெஸ்ஸா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், செருகும்போது அடியில் விளக்கு எரிகிறதா, யுஎஸ்பியில் வேறு ஏதாவது சேர்ந்து நின்றதா என்பதையும் கீழே எழுதுங்கள், பார்க்கலாம். சித்தி இப்போது ஒரு மவுஸுக்கும் அதன் ரிசீவருக்கும் சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்துவிட்டார்.