லினக்ஸ் வகுப்புக்கு இன்னும் பணம் கட்டுவதற்கு முன்

அம்மா, மகனுக்கு பொலிதெக்னிக்கில் கடைசி செமஸ்டர்; பாயான் லெப்பாஸில் பயிற்சிக்கு இடம் தேடுகிறான்; இன்னொரு லினக்ஸ் சான்றிதழ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். "நான் கேட்காத இந்த மென்பொருளை மெஷின் ஏன் இழுத்துப் போட்டது?" என்று யாராவது கேட்டால் அவனுக்குக் காரணம் சொல்ல வரவேண்டும். அதற்கு வீட்டு லேப்டாப் போதும்.

தம்பி, இனி உனக்கு. வெர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்டும் மென்பொருள்) டெபியன் ஒன்று, உபுண்டு ஒன்று போடு; இரண்டும் லினக்ஸ் வகைகள்தான். ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி மெமரி. பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள். இரண்டிலும் 'பிஎஸ்டி-மெயில்எக்ஸ்' என்ற மெயில் பேக்கேஜை (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) நிறுவச் சொல்லி, கட்டளையில் '-எஸ்' சேர். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் எதையும் தொடாது, செய்யப்போவதை மட்டும் காட்டும், நிர்வாகி அனுமதி தரும் சூடோகூட வேண்டாம். டெபியன் எக்ஸிமைக் கூட்டி வரும், உபுண்டு போஸ்ட்ஃபிக்ஸை; இரண்டும் மெயில் அனுப்பும் சர்வர் மென்பொருள்கள்.

காரணம் அந்தப் பேக்கேஜின் டிபென்டன்சி வரியில், அதாவது தனக்கு வேறு எவை தேவை என்று அது சொல்லும் வரியில், இருக்கிறது: 'டிஃபால்ட்-எம்டிஏ | மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்'. நடுவில் உள்ள கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள். இரண்டில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே இருந்தால் ஆப்ட் திருப்தியாகிவிடும். ஒன்றுமே இல்லையென்றால் இடப்பக்கம் இருப்பதை எடுக்கும். இங்கே இரண்டும் மெய்நிகர்ப் பெயர்கள், அந்தப் பெயரில் நிறுவக்கூடிய பேக்கேஜ் கிடையாது. 'டிஃபால்ட்-எம்டிஏ' பெயரை டெபியனில் எக்ஸிம் தாங்குகிறது, உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸ். உன் லேப்டாப்பில் ஓடிய ஸ்கிரிப்ட் சர்வரில் வேறு மாதிரி நடந்துகொள்வது இப்படித்தான்.

டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸ்தான் வேண்டுமென்றால் பிஎஸ்டி-மெயில்எக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் ஒரே கட்டளையில் கேள். எக்ஸிம் வந்த பிறகு போஸ்ட்ஃபிக்ஸைத் தனியாகக் கேட்டால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் ஆப்ட் எக்ஸிமை நீக்கும். 'ஒய்' அடிக்கும்முன் நீக்கப்படும் பட்டியலைப் படி. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

மெய்நிகர்ப் பெயரை மட்டும் எழுதி, முதல் தேர்வு எது என்று சொல்லாமல் விட்டால் எது வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூல நிரலிலிருந்து பேக்கேஜ்களை உருவாக்கும் டெபியனின் பில்ட் மெஷின்கள், அதற்குத் தேவையான பில்ட் டிபென்டன்சிகளில் பொதுவாக முதல் பெயரை மட்டுமே பார்ப்பதும் இதனால்தான்: ஒவ்வொரு முறையும் ஒரே விடை வர வேண்டும். ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸில் ஆப்ட் போல வேலை செய்யும் பாக்மேன், எது வேண்டும் என்று எண் போட்டு உன்னையே கேட்கும். பைத்தான் மொழியின் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பில் இந்த 'அல்லது' கிடையாது. 2020-இல் வந்த 20.3 பதிப்பு முதல் அது பின்வாங்கிப் பின்வாங்கித் தேடுவது ஒரே பேக்கேஜின் பொருந்தும் பதிப்பைத்தான்.

ரெசூமில் 'லினக்ஸ் தெரியும்' என்பதை எடுத்துவிட்டு, இந்தச் சோதனையை இரண்டு வரியில் எழுது.

அம்மா, வகுப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் லேப்டாப்பின் ராமை 8 ஜிபி ஆக்கிக் கொடுங்கள். 4 ஜிபியில் டெபியன், உபுண்டு இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் தொங்கிவிடும்.