மூன்று இடத்தில் விலை கேளுங்கள்

கேள்வி: காருக்கும் வீட்டுக்கும் வருசாவருசம் ஒரே கம்பெனியிலேயே காப்புறுதியைப் புதுப்பிக்கிறோம். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. மாறினால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருசங்களுக்காகக் கட்டணத்தில் தரும் கழிவு) போய்விடுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: போகாது அக்கா. கிளெய்ம் எடுக்கவில்லை என்று பழைய கம்பெனியிடம் கடிதம் வாங்கிக் காட்டினால், பொதுவாகப் புதிய இடத்திலும் அந்தக் கழிவைத் தருவார்கள். முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேளுங்கள், ஆனால் மூன்றும் ஒரே தொகைக்கு, ஒரே பாதுகாப்புகளோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் பயனில்லை. காரை இன்றைய சந்தை விலைக்கே போடுங்கள், கூட்டிப் போட்டாலும் கூடுதலாகக் கிடைக்காது.

வீட்டுக்கு நில விலையைச் சேர்க்காதீர்கள், திரும்பக் கட்டும் செலவு மட்டும் போதும். அதற்காகக் குறைத்தும் போடாதீர்கள்: 1 கோடி வீட்டை 50 இலட்சத்துக்குப் போட்டால், பாதித் தொகைக்கே போட்டதால், 10 இலட்சம் சேதத்துக்குப் பெரும்பாலும் பாதி, அதாவது 5 இலட்சம்தான் வரும். அப்புறம், வெள்ளம், புயல், சுனாமி மூன்றும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த திருகோணமலையில், பணம் மிச்சம் என்று சுனாமிப் பாதுகாப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.