பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எழுதாமல், மைக்ரோசாஃப்டின் நிரல்மொழியான சி ஷார்ப்பிலேயே வலைத்தளம் கட்ட முடியுமா?

முடியும். மைக்ரோசாஃப்டின் பிளேசர் என்ற வலைக் கட்டமைப்பு அதற்குத்தான் இருக்கிறது. பொத்தான், படிவம், அட்டவணை என ஒவ்வொன்றையும் ஒரு காம்பொனன்டாக, அதாவது தனித் துண்டாக எழுதுவீர்கள். பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல்லும் சி ஷார்ப்பும் ஒரே ரேசர் (.razor) கோப்பில் இருக்கும்.

ஆனால் அந்த சி ஷார்ப் எங்கே ஓடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2019இல் வந்த பிளேசர் சர்வரில் எல்லாம் சர்வரில்தான் நடக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி சிக்னல்ஆர் இணைப்பு (பிரவுசரையும் சர்வரையும் தொடர்ந்து இணைத்து வைக்கும் நுட்பம்) வழியாக சர்வருக்குப் போகும், அங்கே கணக்குப் போட்டு, திரையில் மாறிய பகுதி மட்டும் திரும்பி வரும். பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் நெட் விட்டுவிட்டு வந்தால் பக்கம் அப்படியே நின்றுவிடும். போதாததற்கு, ஒவ்வொரு பயனரின் நிலையும் சர்வர் நினைவகத்தில் இடம் பிடிக்கும்.

2020இல் வந்த பிளேசரின் வெப் அசெம்பிளி வகை இதற்கு நேர் எதிர். வெப் அசெம்பிளி என்பது பிற மொழி நிரல்களையும் பிரவுசருக்குள் ஓட்டும் நுட்பம். சி ஷார்ப் நிரலை ஓட்டும் டாட்நெட் இயக்கியே பிரவுசருக்கு இறங்கி அங்கேயே ஓடும். முதல் தடவை திறக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2023 நவம்பரில் வந்த டாட்நெட் 8இலிருந்து எந்தக் காம்பொனன்ட் எங்கே ஓட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம்.

சரி, ஜாவாஸ்கிரிப்டை அடியோடு மறந்துவிடலாமா? அதுதான் இல்லை. வெப் அசெம்பிளியால் பக்கத்தின் உறுப்புகளை நேரடியாகத் தொட முடியாது. உள்ளே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புதான் அதைச் செய்கிறது. வரைபட நூலகம் (வரைபடம் காட்டும் ஆயத்த நிரல் தொகுப்பு), லோக்கல் ஸ்டோரேஜ் (பிரவுசரிலேயே தரவைச் சேமிக்கும் இடம்) என்று போனால் நீங்களும் நாலு வரி எழுத வேண்டியிருக்கும். அலுவலக உள் பயன்பாட்டுக்கு என்றால் நான் பிளேசர் சர்வரைத்தான் எடுப்பேன்.